காவற்கார ஒன்பது



தோட்டத்தில் இரவு நேரத்தில் விளக்கும் தடியுமாகச் சுற்றி வரும் காவற்காரரை நாம் எல்லோரும் அறிவோம். ஸ்டோர் கதவு பூட்டியிருக்கிறதா, பால் கொட்டகைப் பக்கம் அந்நியர் யாரும் நடமாடுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் பால் சீவுவதில்லை, மருந்து அடிப்பதில்லை, ஆனால் மற்றவர் செய்த வேலை பாழாகாமல் பார்த்துக்கொள்கிறார். எண்களின் உலகத்திலும் அப்படி ஒரு காவற்காரர் இருக்கிறார். அவர் பெயர் ஒன்பது. இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வீட்டுக் கதை. அது எங்கள் வீட்டுக் கதைதான்.

நாம் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் அம்மா பால்மரம் சீவும் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆகவே அன்றாடம் வேலை முடிந்து வந்ததும் அன்றைய கூலி எவ்வளவு, கூடுதல் பாலுக்கு எவ்வளவு, கட்டிப்பால் எத்தனை கிலோ என்று வாயால் சொல்லுவார். அதை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைப்பது எங்கள் வேலை. ஒரு மாதம் சம்பளச் சீட்டு வந்தது. கழிவுகளுக்கு முந்திய மொத்தத் தொகை எங்கள் புத்தகத்தில் 184 வெள்ளி. சீட்டிலோ 148 வெள்ளி. அம்மா அலுவலகத்தில் போய்க் கேட்டார். "கணக்குப் புத்தகம் பொய் சொல்லுமா?" என்று பதில் வந்தது. அம்மாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை. கையிலிருந்த சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டார்.

அன்று மாலை எங்களையும் அழைத்துக்கொண்டு பள்ளி வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

"வாத்தியார் ஐயா, பிள்ளை எழுதி வச்ச கணக்குக்கும் இந்தச் சீட்டுக்கும் ஒத்து வரலைங்க."

"எவ்வளவு குறையுதும்மா?"

"முப்பத்தாறு வெள்ளிங்க."

வாத்தியார் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "முப்பத்தாறு ஒன்பதாம் வாய்பாட்டுலே வருது. அப்படின்னா கூட்டல்லே தப்பு இருக்காதுன்னு தோணுது. எழுதும்போது ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். அந்த ரெண்டு இலக்கத்துக்கும் நாலு வித்தியாசம் இருக்கணும். எங்கே, சீட்டைக் காட்டுங்க" என்றார். சீட்டில் 148. நான்குக்கும் எட்டுக்கும் வித்தியாசம் நான்கு.

மந்திரம் போட்டதுபோல நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மந்திரமன்று, ஒன்பது என்ற எண்ணின் இயல்பு என்பதை, பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதுதான் முழுமையாகத் தெரிந்துகொண்டோம். அம்மாவின் முப்பத்தாறு வெள்ளி என்னவாயிற்று என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் அந்த இயல்பைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒன்பதாம் வாய்பாட்டை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 9, 18, 27, 36, 45, 54, 63, 72, 81, 90. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பத்தாம் இடத்து இலக்கம் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றாம் இடத்து இலக்கம் 8, 7, 6 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. ஏறுவதும் இறங்குவதும் ஒன்றொன்றாகவே நடப்பதால் இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பதே வருகிறது. ஒன்றும் எட்டும் ஒன்பது. இரண்டும் ஏழும் ஒன்பது. மூன்றும் ஆறும் ஒன்பது.

ஏன் அப்படி? ஒன்பதைக் கூட்டுவது என்றால் என்ன? பத்தைக் கூட்டி ஒன்றைக் கழிப்பதுதானே? கடையில் ஒன்பது வெள்ளிச் சாமானுக்குப் பத்து வெள்ளித் தாளைக் கொடுத்து ஒரு வெள்ளி திரும்ப வாங்குகிறோம் அல்லவா, அதைப் போல. பத்தைக் கூட்டும்போது பத்தாம் இடம் ஒன்று ஏறுகிறது. ஒன்றைக் கழிக்கும்போது ஒன்றாம் இடம் ஒன்று இறங்குகிறது. இதுதான் இரகசியம். இன்றைய பேச்சில் வரும் மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

நம் தமிழ்ச் சொல்லிலேயே இந்தச் செய்தி இருக்கிறது பாருங்கள். இருபது, முப்பது, நாற்பது என்னும் சொற்களில் 'பது' என்றால் பத்து. 'ஒன்பது' என்ற சொல்லிலும் அதே 'பது' இருக்கிறது. 'தொண்ணூறு' நூற்றை எட்டாத எண். ஆனாலும் அதன் பெயரில் நூறு இருக்கிறது. 'தொள்ளாயிரம்' ஆயிரத்தை எட்டாத எண். அதன் பெயரில் ஆயிரம் இருக்கிறது. அடுத்த படிக்கு ஒன்று குறைவு என்ற நோக்கில் எழுந்த பெயர்கள் இவை என்று சொல்லாராய்ச்சி செய்தோர் விளக்குவர். ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பழைய பெயரும் தமிழில் உண்டு.

வாய்பாடு மறந்துபோகும் சிறுவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். இரண்டு கைகளையும் முன்னால் விரித்து வையுங்கள். ஒன்பது நான்கு எவ்வளவு என்று தெரியவேண்டுமா? இடப்பக்கத்திலிருந்து எண்ணி நான்காவது விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்புறம் மூன்று விரல். வலப்புறம் ஆறு விரல். விடை முப்பத்தாறு. ஏழாவது விரலை மடக்கினால் இடப்புறம் ஆறு, வலப்புறம் மூன்று; ஒன்பது ஏழு அறுபத்து மூன்று. மடக்கிய விரல் போக மீதி எப்போதும் ஒன்பது விரல்தானே!

இனி, பெரிய எண்களுக்குப் போவோம். லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரம் காய்த்துக் குலுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 352 பழம். நூறு நூறாக மூன்று கூடை, பத்துப் பத்தாக ஐந்து கொத்து, உதிரியாக இரண்டு பழம். ஒன்பது பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். எத்தனை பழம் மிஞ்சும்?

ஒரு கொத்தை எடுங்கள். பிள்ளைக்கு ஒன்றாக ஒன்பது பழம் போனால் ஒரு பழம் மிஞ்சுகிறது. ஒரு கூடையை எடுங்கள். பிள்ளைக்குப் பதினொன்றாகத் தொண்ணூற்றொன்பது போனால் இங்கும் ஒரு பழந்தான் மிஞ்சுகிறது. ஆயிரம் பழம் இருந்தாலும் அப்படியே. பிள்ளைக்கு நூற்றுப் பதினொன்றாக 999 போய் ஒன்றே மிஞ்சும். ஆக, மூன்று கூடையில் மூன்று மிச்சம், ஐந்து கொத்தில் ஐந்து மிச்சம், உதிரி இரண்டு. கூட்டினால் பத்து. அந்தப் பத்திலும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். கடைசியில் மிஞ்சுவது ஒன்று.

கவனித்தீர்களா? நாம் வகுக்கவே இல்லை. 352 என்ற எண்ணின் இலக்கங்களை, அதாவது 3, 5, 2 ஆகியவற்றை, கூட்டினோம். பத்து வந்தது. பத்தின் இலக்கங்களையும் கூட்டினோம். ஒன்று வந்தது. அதுவே மீதி. சந்தேகம் இருந்தால் வகுத்துப் பாருங்கள்: ஒன்பது முப்பத்தொன்பது 351, மீதி 1.

எந்த எண்ணுக்கும் இதுவே விதி. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே வந்து ஒற்றை இலக்கமாக்கினால், ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி கிடைத்துவிடும். ஒன்பது என்று முடிந்தால் மீதி இல்லை என்று பொருள். அந்த எண் ஒன்பதால் சரியாக வகுபடும். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 352 என்று எழுதினாலும் 523 என்று எழுதினாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்றே. ஆகவே ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. இலக்கங்கள் இடம் மாறுவதை ஒன்பது கண்டுகொள்வதில்லை. இது அதன் பலவீனம். அதுவே அதன் பலமுங்கூட. எப்படி என்பதைப் பின்னால் காண்போம்.

ஒன்பதுக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு என்று சிலர் கேட்கலாம். நமக்குப் பத்து விரல்கள். அதனால் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். பத்துக்கு ஒன்று குறைந்ததால் ஒன்பதுக்கு இந்தச் சிறப்பு வந்தது. மனிதருக்கு எட்டு விரல்கள் இருந்து, எட்டு எட்டாக எண்ணியிருந்தால், இதே சிறப்பு ஏழுக்குப் போயிருக்கும். ஆகவே ஒன்பது நல்ல எண், அதிர்ஷ்ட எண், நாலு நம்பர் குலுக்கில் வரும் எண் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பிக் காசைத் தொலைக்காதீர்கள். குலுக்கிலிருந்து எந்த எண் வரும் என்பது ஒன்பதுக்குத் தெரியாது. கூட்டிய கணக்கில் தவறு இருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியும்.

அதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? இதோ ஒரு கூட்டல். ஒரு குடும்பம் மூன்று மாதத்தில் கடையில் பற்று எழுதிய தொகை: 347 வெள்ளி, 268 வெள்ளி, 195 வெள்ளி. கடைக்காரர் மொத்தம் 810 வெள்ளி என்கிறார். சரியா?

347-இன் இலக்கங்கள் மூன்று, நான்கு, ஏழு, கூட்டினால் பதினான்கு, ஒன்றும் நான்கும் ஐந்து. 268-க்கு இரண்டு, ஆறு, எட்டு, பதினாறு, ஒன்றும் ஆறும் ஏழு. 195-க்கு ஒன்று, ஒன்பது, ஐந்து, பதினைந்து, ஒன்றும் ஐந்தும் ஆறு. இந்த ஐந்து, ஏழு, ஆறு மூன்றையும் கூட்டினால் பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது. விடையாகிய 810-ஐப் பாருங்கள். எட்டும் ஒன்றும் ஒன்பது. இரண்டு பக்கமும் ஒன்பது. காவற்காரர் தலையசைத்துவிட்டார். கடைக்காரர் 820 என்று எழுதியிருந்தால் எட்டும் இரண்டும் பத்து, அதாவது ஒன்று. ஒன்பது எங்கே, ஒன்று எங்கே! உடனே தவறு பிடிபட்டிருக்கும்.

பெருக்கலுக்கும் இதே சோதனை பயன்படும். நாளொன்றுக்கு 38 கிலோ வீதம் 26 நாள். விடை 988 கிலோ. 38-க்கு மூன்றும் எட்டும் பதினொன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு. 26-க்கு இரண்டும் ஆறும் எட்டு. இரண்டையும் எட்டையும் பெருக்கினால் பதினாறு; ஒன்றும் ஆறும் ஏழு. 988-க்கு ஒன்பது, எட்டு, எட்டு, இருபத்தைந்து, இரண்டும் ஐந்தும் ஏழு. ஒத்துப்போகிறது. யாராவது 978 என்று எழுதியிருந்தால் இருபத்து நான்கு, அதாவது ஆறு வரும். தவறு தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை நேற்று வந்ததன்று. இத்தாலியில் பிசா நகரத்தைச் சேர்ந்த லியோனார்டோ என்பவர், பிபனாச்சி என்ற பெயரால் உலகம் அறிந்தவர், 1202-ஆம் ஆண்டில் 'லிபர் அபாச்சி' என்ற கணக்கு நூலை எழுதினார். அவர் தந்தையார் வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் பிசா வணிகர்களுக்காகப் பணிபுரிந்தவர். அங்கே இளமையில் அரபு முறைக் கணக்கைக் கற்ற லியோனார்டோ, ஒன்பது இந்திய இலக்கங்களையும் சுழியையும் கொண்டு எந்த எண்ணையும் எழுதலாம் என்று தம் நூலைத் தொடங்குகிறார். அந்த நூலில் ஒன்பதை ஒதுக்கிச் சரிபார்க்கும் இந்த முறையையும் கையாளுகிறார். கணக்குப் பொறி இல்லாத அந்தக் காலத்தில் பெரிய பெரிய வணிகக் கணக்குகளையும் இந்த எளிய சோதனையால் சரிபார்த்தார்கள். இன்று கைத்தொலைபேசியில் கணக்குப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் விரல் தவறி ஓர் எண்ணை மாற்றி அழுத்திவிட்டால் பொறிக்குத் தெரியுமா? விடையைச் சோதிக்கும் வேலை அப்போதும் நம்முடையதே.

எந்தக் காவற்காரரும் சில சமயம் கண்ணயர்ந்துவிடுவார். ஒன்பதும் அப்படித்தான். இதை மறைக்காமல் சொல்லவேண்டும். 810 என்பதற்குப் பதிலாக 801 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. ஒன்பது 'சரி' என்றே சொல்லும். ஒன்பது இருக்கவேண்டிய இடத்தில் சுழியை எழுதினாலும் அதற்குத் தெரியாது. 34 வெள்ளி 70 காசை 3 வெள்ளி 47 காசு என்று எழுதினாலும் தெரியாது. விடையில் உள்ள பிழை ஒன்பதின் மடங்காக அமைந்துவிட்டால் அது இதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே விதியை இப்படி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கு நிச்சயமாகத் தவறு. ஒத்துப்போனால் பெரும்பாலும் சரி. ஆனால் நிச்சயம் என்று சொல்லமுடியாது. இடம் மாறிய இலக்கத்தைப் பிடிக்கப் பதினொன்று என்னும் வேறொரு காவற்காரர் இருக்கிறார். அவரை இன்னொரு நாள் சந்திப்போம்.

சரி, இப்போது அம்மாவின் சீட்டுக்குத் திரும்புவோம். இடம் மாறிய இலக்கத்தை ஒன்பது பிடிக்காது என்றோம். ஆனால் சரியான தொகையும் தவறான தொகையும் இரண்டுமே நம் கையில் இருந்தால் கதை வேறு. 184, 148 இரண்டுக்கும் இலக்கங்கள் ஒன்றே. ஆகவே ஒன்பதால் வகுத்தால் மீதியும் ஒன்றே. ஒரே மீதி உள்ள இரண்டு எண்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்தால் அந்த மீதியும் கழிந்துபோகும். விடை ஒன்பதால் சரியாக வகுபடும். எந்த எண்ணின் இலக்கங்களை எப்படிக் கலைத்து எழுதினாலும் வேறுபாடு ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். பலவீனமே பலமாகும் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

எவ்வளவு வேறுபாடு வரும் என்பதையும் சொல்லிவிடலாம். 184-இல் எட்டு பத்தாம் இடத்தில் இருக்கிறது. அதன் மதிப்பு எண்பது. அது ஒன்றாம் இடத்துக்கு இறங்கினால் வெறும் எட்டு. எழுபத்திரண்டு போயிற்று. நான்கு ஒன்றாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏறினால் நாற்பது. முப்பத்தாறு வந்தது. எழுபத்திரண்டு போய் முப்பத்தாறு வந்தால் நிகர நட்டம் முப்பத்தாறு. அதை ஒன்பதால் வகுத்தால் நான்கு. எட்டுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் அதே நான்கு. வாத்தியார் சீட்டைப் பார்க்காமலே 'நாலு வித்தியாசம்' என்று சொன்னது இப்படித்தான். நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறினால் வேறுபாடு 90, 180, 270 என்று தொண்ணூற்றின் மடங்காக வரும். காசுக் கணக்கிலும் இதே விதிதான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வேறுபாடு ஒன்பதில் வந்துவிட்டாலே இலக்கம் மாறியதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. வேறு காரணத்தால் வந்த பிழையும் தற்செயலாக ஒன்பதின் மடங்காக இருக்கலாம். முதலில் எங்கே தேடுவது என்பதைத்தான் ஒன்பது காட்டும். தேடிப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டியது நாம்.

அன்றிரவு வாத்தியார் அம்மாவிடம் சொன்னார்: "சண்டை போடவேண்டாம்மா. யாரையும் குறை சொல்லவும் வேண்டாம். பிள்ளையின் புத்தகத்தைக் கையிலே எடுத்துக்கிட்டுப் போங்க. 'ஐயா, எட்டும் நாலும் இடம் மாறியிருக்குமோன்னு ஒரு சந்தேகம். பெரிய புத்தகத்துலே 184-ன்னு இருக்கா, 148-ன்னு இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க'ன்னு மட்டும் கேளுங்க."

மறுநாள் அம்மா அந்தச் சொற்களை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். முதல்நாள் அவர் கேட்டது 'என் சம்பளம் குறைகிறது' என்ற முறையீடு. அதை மறுத்துவிடுவது எளிது. இரண்டாம் நாள் அவர் கேட்டது எந்தப் பக்கத்தில் எந்த இலக்கத்தைப் பார்க்கவேண்டும் என்ற கேள்வி. அதைப் பார்க்காமல் மறுக்க முடியாது. பெரிய புத்தகம் விரிக்கப்பட்டது. அதில் 184 என்றே இருந்தது. சீட்டுக்குப் பெயர்த்து எழுதும்போது இலக்கம் மாறியிருந்தது. முப்பத்தாறு வெள்ளியும் அம்மா கைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு பள்ளிச் சீருடையும் காலணியும் அந்தப் பணத்தில்தான் வாங்கினோம்.

கதை இதோடு முடியவில்லை. சில மாதம் கழித்து இன்னொரு வேறுபாடு வந்தது. கட்டிப்பால் கணக்கில் எங்கள் புத்தகத்தைவிடச் சீட்டில் 18 கிலோ குறைவு. பதினெட்டும் ஒன்பதாம் வாய்பாட்டில் வருகிறதே என்று நாங்கள் உற்சாகமாகக் கிளம்பினோம். வாத்தியார் நிறுத்தினார். "முதல்லே உன் புத்தகத்தைப் பாரு. பதினெட்டை ஒன்பதாலே வகுத்தா ரெண்டு. ரெண்டு வித்தியாசம் உள்ள இலக்கம் எங்கே இருக்குன்னு தேடு" என்றார். தேடினோம். ஒருநாள் அம்மா சொன்ன 13 கிலோவை நாங்கள் 31 என்று எழுதியிருந்தோம். மூன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் இரண்டு. தவறு எங்களுடையது. கணக்கு யார் பக்கமும் சேராது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டோம். அடுத்தவர் புத்தகத்தை விரிக்கச் சொல்லுமுன் நம் புத்தகத்தை விரித்துப் பார்க்கவேண்டும். அப்படிச் செய்பவர் கேட்கும் கேள்விக்குத்தான் மதிப்பு இருக்கும்.

பிள்ளைகள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்காக ஒரு விளையாட்டுச் சொல்லித் தருகிறோம். உங்கள் நண்பரிடம் ஒரு நான்கு இலக்க எண்ணை உங்களுக்குக் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். அதே இலக்கங்களைக் கலைத்து இன்னொரு எண்ணாக எழுதச் சொல்லுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொல்லுங்கள். விடையில் சுழி அல்லாத ஓர் இலக்கத்தை அடித்துவிட்டு, மற்ற இலக்கங்களை மட்டும் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அடித்த இலக்கத்தை நீங்கள் சொல்லிவிடலாம். உதாரணமாக, 5274-ஐக் கலைத்து 2475 என்று எழுதினால் வேறுபாடு 2799. ஏழை அடித்துவிட்டு, 'இரண்டு, ஒன்பது, ஒன்பது' என்று நண்பர் சொல்கிறார். கூட்டினால் இருபது. அடுத்து வரும் ஒன்பதின் மடங்கு இருபத்தேழு. குறைவது ஏழு. அதுவே அடித்த இலக்கம்! சொன்ன இலக்கங்களின் கூட்டுத்தொகையே ஒன்பதின் மடங்காக வந்துவிட்டால் அடித்தது ஒன்பது. இதற்குக் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

இதைப் போல இலக்கங்களைக் கலைத்தும் கழித்தும் விளையாடிய ஒரு பெரியவரைப் பற்றியும் சொல்லவேண்டும். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் என்பவர். 1905-இல் பிறந்து 1986-இல் மறைந்தவர். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, அதன் இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாகவும், சிறியதிலிருந்து பெரியதாகவும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பார்த்தார். 3524-ஐ எடுப்போம். 5432-இல் 2345 போனால் 3087. அதை அடுக்கினால் 8730-இல் 0378 போக 8352. மீண்டும் 8532-இல் 2358 போக 6174. இனி 7641-இல் 1467 போனாலும் அதே 6174 தான். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணை எடுத்தாலும், அதிகம் போனால் ஏழு தடவைக்குள் 6174-இல் வந்து நின்றுவிடும். இதைக் கப்ரேக்கர் 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் வெளியிட்டார். இன்று அந்த எண் உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது. 6174-இன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது. அங்கும் நம் காவற்காரர் நிற்கிறார்!

கப்ரேக்கர் பெரிய பல்கலைக்கழகத்தில் பதவி வகித்தவரல்லர். சிற்றூர்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, காகிதமும் பென்சிலுமாக எண்களோடு வாழ்ந்தவர். தோட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அந்தக் காகிதமும் பென்சிலும் கைக்கு எட்டியவையே.

நேயர்களே, இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். கடைப் பற்றுப் புத்தகத்தையோ, மின்சாரச் சீட்டையோ, சம்பளச் சீட்டையோ எடுத்துப் பிள்ளையின் முன் வையுங்கள். 'இந்தக் கூட்டல் சரியா, ஒன்பதைக் கேட்டுச் சொல்' என்று சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பிள்ளை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நீங்கள் விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். எங்கள் அம்மா கடைசிவரை கையெழுத்துப் போடப் பழகவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு எந்தச் சீட்டு வந்தாலும் எங்களிடம் நீட்டி, "ஒன்பது என்ன சொல்லுதுன்னு பாரு" என்பார். பார்த்துச் சொன்ன பிறகுதான் முந்தானையில் முடிவார்.